டிகின்டர்: நிகழ்வுக் கையாளலில் நேரும் பிழைகள்

டிகின்டர், பைத்தான் மொழியுடன் சேர்ந்தே வரும் வரைகலை இடைமுகக் கருவித்தொகுப்பு. ஜான் அவுஸ்டர்ஹவுட் உருவாக்கி 1991-இல் வெளியான டிகே தொகுப்பே இதன் அடித்தளம். சுட்டிச் சொடுக்கு, விசையழுத்தம் போன்ற நிகழ்வுகளை ‘மெயின்லூப்’ என்னும் சுழல் வரிசையாக எடுத்து, உரிய செயற்கூறுகளை அழைக்கிறது.

உடனடி அழைப்பு: ‘கமாண்ட்=சேமி()’ என்று எழுதினால், பொத்தானை உருவாக்கும்போதே ‘சேமி’ இயங்கிவிடும்; பிறகு அழுத்தினால் எதுவும் நடக்காது. அடைப்புக்குறியை நீக்கி ‘கமாண்ட்=சேமி’ என்று எழுத வேண்டும்.

அளபுரு முரண்: ‘பைண்ட்’ வழி அழைக்கப்படும் செயற்கூறுக்கு நிகழ்வுப் பொருள் ஒன்று வந்துசேரும், ‘கமாண்ட்’ வழியில் எதுவும் வராது. இரண்டுக்கும் ஒரே செயற்கூறு வேண்டுமென்றால், ‘நிகழ்வு=நன்’ என்று இயல்பு மதிப்புத் தரலாம்.

சாளரம் உறைதல்: செயற்கூறுக்குள் ‘டைம்.ஸ்லீப்(5)’ இருந்தால், அந்த 5 விநாடிகளும் மெயின்லூப் காத்துக்கிடக்கும், திரை புதுப்பிக்கப்படாது. ‘ஆஃப்டர்(5000, செயல்)’ என்று மில்லிவிநாடிக் கணக்கில் பின்னர் அழைக்கச் சொல்வதே முறை.

விசை எட்டாமை: விசையழுத்தம், குவியம் பெற்ற உறுப்புக்கே போகும். சட்டகத்தில் விசையைப் பிடிக்க ‘ஃபோகஸ்_செட்’ தேவை.

மறையும் பிணைப்பு: ஒரே உறுப்பில் அதே நிகழ்வை மறுபடி ‘பைண்ட்’ செய்தால் பழையது நீங்கிவிடும்; இரண்டும் நிலைக்க ‘ஆட்="+"’ சேர்க்க வேண்டும்.

கண்டறிதல்: செயற்கூறின் முதல் வரியில் நிகழ்வுப் பொருளை அச்சிட்டால், அழைப்பு வந்ததா என்பது தெளியும். செயற்கூறுக்குள் பிழை நேர்ந்தாலும் மெயின்லூப் நிற்காமல் ஓடும். பிழைச்செய்தி முனையத்தில் மட்டுமே தெரியும். ஆகவே, சோதிக்கும்போது நிரலை முனையத்திலிருந்தே இயக்குவது அவசியம்.