கட்டம் போட்ட அட்டை

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு வேலை கேட்டு வரும் பயோடேட்டாவை எடுத்துப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, பத்தாம் வகுப்பு மதிப்பெண். அடியில் 'மேற்கண்ட யாவும் உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து. வெல்டிங் வருமா, இதுவரை எத்தனை கேபின் கட்டியிருக்கிறார் என்பது மட்டும் இருக்காது. முதலாளி தேடுவதோ அதைத்தான்.

வேலை கேட்டு எழுதும் கலைக்கு மூலவராக லியோனார்டோ டா வின்சியைச் சொல்வார்கள். 1482 வாக்கில் மிலனை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு அவர் தயாரித்த கடிதத்தில் பாலம், பீரங்கி, முற்றுகைக் கருவி என்று அடுக்கிவிட்டு, ஓவியமும் வரும் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். ஆள்பவருக்கு அப்போது என்ன தேவை என்று தெரிந்த ஆள். ஆனால் நம் பயோடேட்டா அந்த வம்சமில்லை. அதன் பாட்டன் ஓர் அரசாங்க அட்டை.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது. போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடித்தரவே 1945இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் முறையாக எழுந்தன. பிரிவினை அகதிகளும் அங்கே வந்தார்கள். 1948இல் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பரில் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. காலியிடங்களை இந்த அலுவலகங்களுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்றது 1959ஆம் ஆண்டுச் சட்டம். அரசு நிறுவனமான சேலம் உருக்காலைக்கும் அது பொருந்தியது.

அந்தக் காலத்தில் பதிய வந்தவரின் விவரம் எக்ஸ்-1 என்ற அட்டையில் ஏறும். படிப்புக்கும் தொழிலுக்கும் ஏற்ற குறியீட்டு எண் விழும். அட்டை வரிசையில் போய் உட்காரும். பதிந்தவர் கையில் கிடைத்தது எக்ஸ்-10 அட்டை, பதிவு எண்ணோடு. பதிந்த தேதிதான் சொத்து. அதனால்தான் தேர்வு முடிவு வந்த கையோடு, "மொதல்ல எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சிட்டு வா" என்று வீட்டில் விரட்டினார்கள். புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போச்சு. அந்த எக்ஸ்-1 அட்டை யாரையும் கவர வேண்டியதில்லை. ஆளைத் தரம்பிரித்து அடுக்க உதவினால் போதும். நம் பயோடேட்டா கட்டம் கட்டமாக இருப்பது அந்தப் பழக்கத்தால்தான் என்பது என் கணிப்பு.

1996இல், ஆந்திரக் கலால் துறை வழக்கொன்றில், அலுவலகம் அனுப்பும் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தனியார் வேலைகளும் பெருகின. அட்டை பின்னுக்குப் போயிற்று. கட்டங்கள் மட்டும் வெள்ளைத்தாளில் தங்கிவிட்டன.

விந்தை என்னவென்றால், வாயால் சொல்லும்போது நம்மவர்கள் சூரர்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஆளிடம் போனில் கேளுங்கள்: "ராஜஸ்தான்ல ரெண்டு வருசம் ஓட்டுனேங்க, கம்ப்ரசர் ரிப்பேரு நானே பாத்துக்குவேன்" என்பார். லியோனார்டோ எழுதியதும் இந்த ரகம்தான். அதே ஆள் பேனாவை எடுத்ததும் தந்தை பெயரில் தொடங்கிவிடுகிறார்.

அந்தப் போன் வாக்கியத்தை அப்படியே பெயருக்கு அடுத்த வரியில் எழுதினால் போதும். கோழிப்பண்ணைக்கு எழுதுபவர் எத்தனை கோழிகளைப் பார்த்துக்கொண்டார், தடுப்பூசி போடத் தெரியுமா என்பதை மேலே ஏற்றலாம். மதம், சாதி, உறுதிமொழி மூன்றையும் தைரியமாக அடித்துவிடலாம். தந்தை பெயரா? வேலையில் சேர்ந்ததும் பி.எஃப். படிவம் கேட்கும், அப்போது எழுதிக்கொள்ளலாம்.