எழுதா இலக்கணம்: கியூபாவின் கிளாவே தாளம்

யாப்பிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஓர் உண்மையை அறிவர். தளை என்னும் சொல்லையே கேட்டறியாத பாட்டிமார் பாடும் தாலாட்டில் ஓசை பிறழ்வதில்லை. தளையின் வகைகளையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவன் எழுதும் வெண்பாவிலோ தளை தட்டுகிறது. இலக்கணம் ஏட்டில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்னரே மக்களின் நாவிலும் கையிலும் காலிலும் குடிகொண்டிருக்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவ்வுண்மை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அட்லாண்டிக் மாக்கடலுக்கு அப்பால், கியூபாத் தீவில், கல்வி மறுக்கப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழித்தோன்றல்களும் கட்டிக்காத்த ஒரு தாள இலக்கணத்தின் வரலாறும் இதனையே உரைக்கிறது. அவ்விலக்கணத்தின் பெயர் கிளாவே. கியூபாவில் பிறந்து உலகெங்கும் பரவிய ஆடலிசைக்கும், ஜாஸ் இசையின் ஒரு பெருங்கிளைக்கும் அதுவே முதுகெலும்பு. அது எவ்வாறு இயங்குகிறது, எங்கிருந்து வந்தது, ஏட்டில் எழுதப்பட்டபோது அதற்கு நேர்ந்தது யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஐந்து தட்டுகள்

கிளாவே என்னும் ஸ்பானியச் சொல்லுக்குத் திறவுகோல் என்பது பொருள். கட்டட வளைவின் உச்சியில் நின்று ஏனைய கற்களை நிலைநிறுத்தும் முடிக்கல்லையும், ஐரோப்பிய இசையேட்டில் ஐந்து கோடுகளின் முகப்பில் இடும் குறியையும் அச்சொல்லே குறிக்கும். இசைக்கருவி என்ற அளவில், கிளாவே என்பது வயிரம் பாய்ந்த மரத்தால் செய்த, ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள இரண்டு உருட்டுக் கட்டைகளாகும். ஒன்றைக் குவிந்த உள்ளங்கையின்மேல் கிடத்தி, மற்றதனால் தட்டுவர். குவிந்த கையே ஒலிப்பெட்டியாகிக் கணீரென்ற ஓசை எழும். ஹவானாத் துறைமுகத்தின் கப்பல் கட்டும் தளங்களில் பலகைகளைப் பிணைக்கப் பயன்பட்ட மரமுளைகளே இக்கருவியாக மாறின என்பது கியூபா நாட்டுப் பேரறிஞர் பெர்னாண்டோ ஓர்ட்டிஸ் அவர்களின் கருத்து.

இக்கட்டைகள் ஒலிக்கும் தாளமும் கிளாவே என்றே பெயர் பெறும். ஒரு சுற்றைப் பதினாறு சம நுண்கூறுகளாகப் பகுத்துக்கொண்டால், அவற்றுள் 1, 4, 7, 11, 13 ஆகிய ஐந்து இடங்களில் தட்டு விழும்.

த . . த . . த . | . . த . த . . .

நம் சொற்கட்டு அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தில் மட்டும் கைதட்டினால் அதுவே கிளாவே. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு; கூட்டினால் பதினாறு. இது சோன் என்னும் பாடல்வகைக்கு உரியது. ரும்பா என்னும் வகையில் மூன்றாம் தட்டு ஒரு நுண்கூறு பிந்தி விழும். அதனைத் தகிட, தகதிமி, தகிட, தக, தகதிமி என்று சொல்லலாம்.

ஆயினும் சொற்கட்டு ஈண்டு ஏறிச் செல்லும் ஏணியே. கிளாவே நம் தாளங்களுள் ஒன்றன்று. ஆதி தாளத்தில் தட்டும் வீச்சும் விரலெண்ணலும் சம இடைவெளியில் நிகழ்ந்து பாட்டை அளக்கின்றன. கிளாவேயின் தட்டுகளோ சம இடைவெளியில் விழுவதில்லை. சம இடைவெளியைக் காப்பது காலடி. 1, 5, 9, 13 ஆகிய இடங்களில் கால் ஊன்றுவதாகக் கொள்வோம். முதல் தட்டு காலோடு இணைகிறது. இரண்டாம் தட்டு, கால் ஊன்றுவதற்குச் சற்று முன்னரே ஒலித்துவிடுகிறது. மூன்றாம் தட்டு இரு காலடிகளுக்கு நட்டநடுவே விழுகிறது. பிற்பாதியின் தொடக்கமாகிய ஒன்பதாம் இடத்தில் கால் ஊன்றுகிறது, கையோ ஓய்ந்திருக்கிறது. நான்காம் தட்டும் காலடிகளுக்கு நடுவே விழ, ஐந்தாம் தட்டு மீண்டும் காலோடு சேர்ந்து அமைதி காண்கிறது. மூன்று தட்டுடைய முற்பாதி வினா எழுப்புகிறது. இரண்டு தட்டுடைய பிற்பாதி விடை பகர்கிறது.

இவ்வினாவிடைக்கு இயையவே பாடலின் மெட்டும் முழவுகளின் நடையும் அமைதல் வேண்டும். வினாவிற்கு உரிய மெட்டு விடையின்மேல் ஏறிவிட்டால் இசை இடறும். கியூபா இசைஞர் அதனைக் குறுக்கே கிடப்பது என்று பொருள்படும் சொல்லால் பழிப்பர். யாப்பில் நாம் தளை தட்டுகிறது என்று கூறும் குற்றத்திற்கு இது நிகராகும்.

கடல் கடந்த தாளம்

இத்தாளம் கியூபாவில் வெறுவெளியிலிருந்து பிறந்ததன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் பல முழவுகள் சேர்ந்து முழங்கும் இசையில், இரும்பு மணியொன்று மாறாத ஒரு கோலத்தை இடைவிடாது ஒலித்துக்கொண்டிருக்கும். ஏனையோர் அனைவரும் அதனைக் கேட்டே தத்தம் இடத்தை அறிவர். கானா நாட்டு இசையறிஞர் குவாபெனா என்கெட்டியா இதனைக் காலக்கோடு என்று பொருள்படும் பெயரால் வழங்கினார்.

பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை யோருபா, கொங்கோ முதலிய பல இனத்தைச் சேர்ந்த மக்கள் இலட்சக்கணக்கில் விலங்கிடப்பட்டுக் கியூபாவிற்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் மாண்டனர். உடைமையும் பெயரும் பறிக்கப்பட்டன. காதிலும் கையிலும் இருந்ததை மட்டும் எவராலும் பறிக்க இயலவில்லை. கியூபாவில் அடிமை முறை 1886-ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதன் பின்னரும் ஆப்பிரிக்கப் பறைகள் தெருவில் முழங்குவதற்குத் தடைகள் விதிக்கப்பட்டன. ஹவானாவிலும் மத்தான்சாசிலும் துறைமுகத் தொழிலாளர் மீன் வந்த பெட்டிகளையும் மெழுகுவத்தி வந்த பெட்டிகளையும் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் ரும்பாவை முழக்கினர். பறை இல்லாத இடத்திலும் தாளம் இருந்தது.

இவ்விசையைக் கற்றோர் நோக்கிய நோக்கிற்கு ஓர்ட்டிஸின் வாழ்க்கையே சான்று. சட்டமும் குற்றவியலும் பயின்ற அவர் 1906-இல் வெளியிட்ட முதல் நூலில் கறுப்பின மக்களின் சமயச் சடங்குகளைக் குற்றத்தோடு தொடர்புபடுத்தியே ஆராய்ந்தார். ஆனால், ஆராய ஆராய அவர் மாறினார். 1935-இல் கிளாவே பற்றித் தனியே ஓர் ஆய்வுரை வரைந்தார். 1952 முதல் 1955 வரை ஆப்பிரிக்கக் கியூபா இசைக்கருவிகளைப் பற்றி ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். தீர்ப்புக் கூற வந்தவர் மாணவராக அமர்ந்தார். அறிஞர்க்கு இதனினும் உயர்ந்த பெருமை யாது?

ஏட்டில் ஏறியபோது

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கியூபாவில் இசையேடு பயின்றோர் ஆடலிசையை ஐரோப்பிய முறைப்படி ஐந்து கோடுகளின்மேல் எழுதினர். மத்தான்சாஸ் நகரத்து மிகேல் பைல்தே 1879-ஆம் ஆண்டின் முதல் நாளில் அரங்கேற்றிய இசையே தன்சோன் என்னும் வகையின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. இத்தகைய இசையை எழுதும் முறையில் குறுக்குக் கோடுகள் இசையைச் சிறுசிறு பகுதிகளாக வெட்டுகின்றன. ஒவ்வொரு பகுதியின் தொடக்கமும் அழுத்தம் பெறும் என்பது ஐரோப்பிய மரபு. அவ்வாறு எழுதும்போது கிளாவேக்கு இரண்டு இடர்கள் நேர்ந்தன. வினாவும் விடையுமாய் ஒன்றியிருந்த ஒரே கோலம் இரண்டு பகுதிகளாகப் பிளவுபட்டது. காலடியோடு சேராத தட்டுகள் யாவும் இடம் பிறழ்ந்தவை போலத் தோன்றின. கியூபா இசைஞர்க்கு நெறியாக இருந்தது, ஏட்டைப் படித்தவர்க்கு நெறிவிலக்காகத் தெரிந்தது.

இச்சிக்கல் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மேலும் தெளிவாக வெளிப்பட்டது. எயிட்டிப் புரட்சியால் கியூபாவிற்கு ஓடிவந்திருந்த மக்களுள் ஒன்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் 1809, 1810-ஆம் ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸ் நகரை அடைந்தனர். கரீபியத் தீவுகளுக்கும் அந்நகருக்கும் இருந்த உறவு அதன் பின்னரும் அறுபடவில்லை. ஆயினும், ஜாஸ் இசையின் பிறப்பிடமாகிய அந்நகரில் பெரிதும் வேரூன்றியது மூன்று, மூன்று, இரண்டு என்னும் முற்பாதிக் கோலமும் அதன் உறவினவுமே. டபிள்யூ. சி. ஹேண்டி 1914-இல் வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பாடலின் ஒரு பகுதி ஹவானா நடையில் அமைந்தது. ஸ்பானியச் சாயல் இன்றி ஜாஸ் சுவைபெறாது என்னும் கருத்தை ஜெல்லி ரோல் மார்ட்டன் 1938-இல் ஒலிப்பதிவில் விட்டுச் சென்றார். வினா வந்து சேர்ந்திருந்தது. விடையோடு கூடிய முழுமை பின்னரே வந்தது.

அதனைக் கொண்டுவந்தோருள் தலையாயவர் மாரியோ பௌசா. ஹவானாவில் பிறந்து, ஐரோப்பிய இசையை முறையாகப் பயின்று, 1930-இல் நியூயார்க்கில் குடியேறியவர் அவர். ஜாஸ் குழுக்களில் ஊதியதோடு, 1940-இல் தம் மைத்துனர் மச்சிட்டோவின் பெயரால் ஒரு குழுவை உருவாக்கினார். அக்குழுவிற்கு இசை எழுதியோருள் கிளாவேயோடு வளராதவர்களும் இருந்தனர். கியூபாவில் எவரும் எவர்க்கும் விளக்க வேண்டியிராத ஒன்றை நியூயார்க்கில் வாய்விட்டு விளக்க வேண்டியதாயிற்று. மூன்று தட்டில் தொடங்கும் பாடலை மூன்று-இரண்டு என்றும், இரண்டு தட்டில் தொடங்கும் பாடலை இரண்டு-மூன்று என்றும் பெயரிட்டு வழங்கும் முறை பெரிதும் அந்நகரிலேயே வளர்ந்தது. இரண்டு-மூன்று எனத் தொடங்கின் கோலம் இவ்வாறு அமையும்.

. . த . த . . . | த . . த . . த .

கோலம் ஒன்றே, புகும் வாயில் மட்டுமே வேறு. பாடல் தொடங்கியபின் கிளாவே நிற்பதுமில்லை, திரும்புவதுமில்லை. மெட்டு மறுபாதியிலிருந்து தொடங்க வேண்டுமாயின், இசை எழுதுவோர் ஒற்றைப்படைப் பகுதிகளைக் கொண்ட தொடரை அமைத்து மெட்டையே நகர்த்துவர். 1943-இல் உருவான பௌசாவின் 'தங்கா' கிளாவேயும் ஜாஸும் முழுமையாக இணைந்த முதற்படைப்பு என்று கொண்டாடப்படுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது இன்னும் சுவையானது. எக்காளக் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவில் ஹவானாவிலிருந்து வந்த முழவுக் கலைஞர் சானோ போசோ 1947-இல் சேர்ந்தார். அவர் இசையேடு எழுதவோ படிக்கவோ அறியாதவர். ஆங்கிலமும் மிகச் சிறிதே அறிந்தவர். 'மன்தேக்கா' என்னும் படைப்பின் பகுதிகளை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே வாயால் பாடிக் காட்ட, கில்லெஸ்பியும் கில் புல்லரும் அவற்றைக் கேட்டு ஏட்டில் அமைத்தனர். நடுவே வரும் பகுதியைக் கில்லெஸ்பி தாமே இயற்றிச் சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் எழுத்தராகவும், தெரியாதவர் ஆசிரியராகவும் விளங்கிய அரிய காட்சி அது. போசோ மறு ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டார், பாடல் நிலைத்தது.

கட்டமும் வட்டமும்

ஐங்கோட்டு முறையின் குறையை உணர்ந்தோர் வேறு வழிகளை நாடினர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பிலிப் ஹார்லண்ட் 1962-இல் ஒரு கட்ட முறையை வகுத்தார். ஒரு நுண்கூறுக்கு ஒரு கட்டம். தட்டு விழும் கட்டத்தில் ஒரு குறி. மேலே புள்ளியும் 'த'வும் கொண்டு காட்டியது அதன் எளிய வடிவமே. இதில் அழுத்தமும் பிறழ்ச்சியும் முன்கூட்டித் தீர்மானிக்கப்படுவதில்லை. காட் பிரீட் தூசான் 2013-இல் வெளியிட்ட நூலில் தாளங்களை வட்டத்தின்மேல் புள்ளிகளாக இட்டுப் புள்ளிகளை இணைத்து வடிவியல் வழியே ஆராய்ந்தார். தாளத்தை வட்டமாக வரைதல் புதிதன்று; பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த சபி அல்தீன் அம்முறையைக் கையாண்டிருக்கிறார். சுற்றிச் சுற்றி வரும் ஒன்றிற்கு நேர்கோட்டினும் வட்டமே பொருத்தமுடையது.

ஆயினும், எக்குறியீடும் முழுமையுடையதன்று. ரும்பாவில் தேர்ந்த கைகள் சில தட்டுகளைப் பதினாறாகப் பகுத்த இடத்திலும் இடாமல், பன்னிரண்டாகப் பகுத்த இடத்திலும் இடாமல், இரண்டிற்கும் இடைப்பட்டதோர் இடத்தில் இடுகின்றன. அவ்விடத்திற்குக் கட்டமும் இல்லை, கோடும் இல்லை. காது ஒன்றே அதனை அறியும்.

கற்பிப்போர்க்கு ஒரு சொல்

இசைக்கல்வி வேளையொன்றில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இத்தாளத்தைக் கற்பிக்க முயன்றேன். முறைப்படி பயிற்சி பெற்ற ஆசிரியனாதலால், முதலில் கரும்பலகையில் பதினாறு கட்டங்கள் வரைந்து எண்களைக் குறித்தேன். மாணவர் எண்களைப் பார்த்தவாறே கைதட்ட, தட்டுகள் சிதறின. மறுநாள் பலகையை அழித்துவிட்டு, அவர்களை வட்டமாக நடக்கச் சொல்லி, நடைக்கு இசையச் சொற்கட்டை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் தாளம் பிடிபட்டது. அதன் பின்னர்க் கட்டங்களை வரைந்தபோது, நாங்கள் தட்டியது இதுதானா என்று வியந்தனர். முதல்நாள் அவர்களுக்குப் புதிராக இருந்த அதே கட்டங்கள் இரண்டாம் நாள் விளக்காயின.

இதனால் குறியீடு வேண்டா என்பது என் கருத்தன்று. குறியீடு இல்லையேல், ஹவானாத் துறைமுகத்தார் கையிலிருந்த தாளம் நெடுந்தொலைவிலுள்ள நம் வகுப்பறைவரை வந்திருத்தல் அரிது. கியூபாவின் ரும்பாவை 2016-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மாந்தரினத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலும் ஓர் எழுத்தே. ஆனால் எழுத்து, கையும் காதும் முன்னரே அறிந்ததை நினைவூட்டும் கருவி. அவை அறியாததை அது தனித்து நின்று அறிவிக்க இயலாது.

இலக்கணம் அற்றவர் என்று ஒரு காலத்தில் இகழப்பட்ட மக்கள் ஐந்து தட்டுகளில் ஓர் இலக்கணத்தைக் காத்தனர். அதனை எழுத வந்தவர்கள் முதலில் பிழைபட எழுதினர். பின்னர் அம்மக்களிடமே கேட்டுத் திருத்திக்கொண்டனர். அடுத்த முறை வெண்பாவிற்குத் தளை கற்பிக்கப் புகும்போது, பலகையில் அலகிட்டுக் காட்டுவதற்கு முன்னர், நம் மாணவர் பாட்டை ஒருமுறை செவியாரக் கேட்கட்டும், கைதட்டிப் பாடட்டும். தளையின் பெயர் அதன் பின்னர் வரட்டும்.