தமிழகத்தில் மூளைக் கட்டி மருத்துவம்

மூளையில் வளரும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இல் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினர். அக்காலத்தில் கட்டி இருக்கும் இடத்தை அறிய, மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தனர். அது எவ்வகைக் கட்டி என்பது, அகற்றிய திசுவைச் சோதித்த பிறகே உறுதியாயிற்று. பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் கண்ட கட்டிகளுள் கணிசமானவை காசநோய்க் கிருமியால் உண்டானவை. தலைவலி, வாந்தி, வலிப்பு, பார்வை மங்கல் ஆகியவை இரு வகைக்கும் பொதுவான அறிகுறிகள்.

1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. இக்கருவி இந்தியாவுக்கு வந்தபின், காசநோய் மருந்துகளால் கட்டி சுருங்குவதைப் படத்திலேயே காண முடிந்தது. பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போயிற்று.