வாலையும் வரியும்: வீட்டில் சாராயம் வடிப்பதைச் சட்டம் ஏன் தடுத்தது?



நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் இப்போது ஒரு வகை வீடியோ சுற்றிவருகிறது. நியூசிலாந்துக்காரர் ஒருவர் தன் வீட்டுக் கராஜில் செப்புப் பாத்திரம் வைத்து ஸ்பிரிட் வடிக்கிறார். பொழுதுபோக்காம். "அங்க லைசன்ஸ் தேவையில்லையா சேர்?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். தேவையில்லை என்பதுதான் உண்மை. 1996 இலிருந்து அந்த நாட்டில் சொந்தப் பாவனைக்கு வடித்துக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. அமெரிக்காவில் 1978 இல் வீட்டில் பியரும் வைனும் செய்ய வழிவிட்டார்கள். ஆனால் வடிக்க விடவில்லை.

நம் நாட்டில்? "ஹராம் என்பதால் தடை" என்றது ஒரு பிள்ளை. பெரியவர்களான நம்மில் பலரும் அரைகுறையாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்கு அது ஹராம்தான். ஆனால் நாட்டின் சட்டம் வந்த வழி வேறு. அந்த வழி பெரும்பாலும் நம் களுத்துறை மாவட்டத்தின் ஊடாகவே வந்தது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பாத்திரம். தமிழில் அதற்கு வாலை என்று பெயர். சித்த மருத்துவர்கள் ஓம வாலைத் தீநீர் என்று சொல்வது அதில் வடித்ததைத்தான். அறபியில் அல்-அன்பீக், அதுவும் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தி வாசனைத் திரவியங்களும் வடித்தலும் பற்றி எழுதிய நூலில் நூறுக்கு மேற்பட்ட செய்முறைகள் இருக்கின்றன. நம் கல்யாண வீடுகளில் தெளிக்கிற பன்னீர் அந்தக் கலையின் பிள்ளை. அல்கஹோல் என்ற சொல்லும் அறபிதான். நாம் சுர்மா என்கிறோமே, அந்தக் கண்மையின் பெயரான அல்-குஹ்ல் ஐரோப்பாவுக்குப் போய்ப் பொருள் மாறித் திரும்பி வந்தது. அரக்கு என்பதும் 'வியர்வை' என்ற அறபுச் சொல். பாத்திரத்தின் மூடியில் துளி துளியாக வியர்ப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். ஆகவே வாலை ஒரு பாவப்பட்ட பொருள் அல்ல. அதில் எதை ஊற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

நம் கரையோரத்தில் ஊற்றியது தென்னங்கள். வாத்துவயிலிருந்து பயாகல வரை வீதியால் போகிறவர்கள் மேலே பார்த்தால் மரத்துக்கு மரம் கட்டிய கயிறுகள் தெரியும். இறங்காமலே ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போய்க் கள்ளிறக்குவார்கள். இறக்கிய கள் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். நாள் கடந்தால் வினாகிரிதான். ஆகவே கள்ளைத் தூரத்துக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. வடித்துச் சாராயமாக்கினால் பீப்பாயில் வருடக்கணக்கில் வைக்கலாம், கப்பலேற்றலாம், முக்கியமாக, அளந்து வரி போடலாம். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒல்லாந்தர் சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். பிரித்தானியர் அதை இன்னும் இறுக்கினார்கள். 1844 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சாராய வியாபாரத்தை ஒழுங்குபடுத்தியது. ஒரு பிரதேசத்தின் சில்லறை விற்பனை முழுவதும் ஏலத்தில் அதிக விலை கேட்டவருக்கு. அந்தக் குத்தகைப் பணத்தில் எழுந்த குடும்பங்கள் காரீயச் சுரங்கம், தென்னந்தோட்டம், கொழும்பில் மாளிகை என்று வளர்ந்தன, பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார்கள். வீட்டுப் பின்வளவில் ஒருவர் தனக்கென்று ஒரு போத்தல் வடித்தால் யாருக்கு நட்டம்? குத்தகைக்காரருக்கும் அரசாங்கத்துக்கும். குற்றம் என்று சட்டம் பிடித்தது அந்த நட்டத்தைத்தான், குடியை அல்ல. குடிக்க ஊர் தோறும் தவறணையைத் திறந்துவைத்தவர்களே அவர்கள்தானே.

பிறகு 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது இதுதான். பழைய குத்தகை முறையை மாற்றி, கள்ளையும் சாராயத்தையும் பிரித்து, எல்லாவற்றையும் அனுமதிப்பத்திரத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். கள்ளுக்குத் தனித் தவறணைகள் ஊர் ஊராக முளைத்தன. அதுவரை தவறணையே இல்லாத கிராமங்களிலும் வந்தன. சனங்கள் கொதித்தார்கள். 1904 இல் ஒரு தடவை எழுந்து அடங்கியிருந்த மதுவொழிப்பு இயக்கம் மீண்டும் பெரிதாகக் கிளம்பியது.

மதுவை முழுதாக விலக்கிய மார்க்கத்தவர்கள் நாம். இந்த இயக்கத்தில் முன்வரிசையில் நின்றிருக்க வேண்டியவர்கள். நிற்கவில்லை. அதற்கு நாம் மட்டும் காரணமல்ல. அந்த இயக்கம் பௌத்த மறுமலர்ச்சியின் மொழியில் பேசியது. அதே காலத்தில் முஸ்லிம் வியாபாரிகள் மீதான கசப்பும் வளர்ந்துகொண்டிருந்தது. 1915 மே மாதக் கடைசியில் கண்டியில் தொடங்கிய கலவரம் மேல் மாகாணத்துக்கும் பரவி எங்கள் கடைகளையும் பள்ளிகளையும் தாக்கியது.

பிரித்தானியர் செய்தது என்ன? இராணுவச் சட்டம் போட்டு, மதுவொழிப்பு இயக்கத் தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள். எப்.ஆர். சேனாநாயக்க, டி.எஸ். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க எல்லாரும் உள்ளே. கிராமத்துக்குக் கிராமம் சங்கம் வைத்திருந்த இயக்கம் அவர்களுக்கு அரச விரோதமாகத் தெரிந்தது. பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் அந்தத் தலைவர்களுக்காகப் பேசினார். இராணுவச் சட்டத்தின் கொடுமைகளைப் பொறுத்தவரை அவர் பேசியதில் நியாயம் இருந்தது. ஆனால் கடை எரிந்து நின்ற எங்கள் மூதாதையருக்கு அந்தப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும்? தவறணையை மூட வேண்டும் என்ற ஒரே விடயத்தில் ஒரே கருத்துக் கொண்டிருந்த இரண்டு சமூகங்கள் அதற்குப் பிறகு ஒரே மேடைக்கு வருவது எளிதாக இருக்கவில்லை. நமது பாடப்புத்தகங்களில் மதுவொழிப்பு இயக்கம் ஒரு பாடம், 1915 இன்னொரு பாடம். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 1974 இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் வந்தது, 1992 இல் அது தனியார் கைக்குப் போனது. நிதி நெருக்கடி வரும் போதெல்லாம் திறைசேரி முதலில் பார்ப்பது சாராயத்தையும் சிகரெட்டையும்தான். வரி ஏறினால் போத்தல் விலை ஏறும், கூலிக்காரர் கசிப்புப் பக்கம் திரும்புவார். அதன் பிறகு முற்றுகை, கோடா பரல்கள், நீதிமன்றம், தண்டப்பணம். அடுத்த மாதம் அதே ஆற்றங்கரையில் அதே அடுப்பு. எங்கள் ஊரைச் சுற்றியும் இதுதான் நடக்கிறது, நம் பிள்ளைகளின் பெயர்களும் அதில் அடிபடத் தொடங்கிவிட்டன. மறைப்பதில் பயனில்லை.

கசிப்பில் பார்வை போவது பற்றியும் ஒரு வார்த்தை. சீனியைப் புளிக்கவைத்து வடிப்பதில் மெதனோல் மிகக் குறைவாகவே வரும். கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் வீரியத்துக்காகக் கைத்தொழில் ஸ்பிரிட்டைக் கலப்பதுதான். எதனோல் 78 பாகையில் கொதிக்கும், மெதனோல் 65 பாகையில். கலந்த பிறகு இரண்டையும் நாக்கால் பிரித்தறிய யாராலும் முடியாது.

கடைசியாக, கறுவா இலை எண்ணெயோ பன்னீரோ வடிக்கவென்று இணையத்தில் சிறிய செப்பு வாலை வாங்க நினைக்கும் தம்பிமாருக்கு. நல்ல தொழில், நம் முன்னோரின் தொழிலும்கூட. ஆனால் நமது சட்டம் சாராயத்தை மட்டும் பார்ப்பதில்லை, அதை வடிப்பதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தையும் உபகரணத்தையும் பார்க்கிறது. பொதி வீட்டுக்கு வருவதற்கு முன்னரே மதுவரி அலுவலகத்துக்குப் போய், என்ன வடிக்கப் போகிறோம் என்று எழுத்தில் சொல்லி, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.