தொட்டிலில் குத்திய முத்திரை

கொங்கு நாட்டிலே, கோவையை அடுத்த கருமத்தம்பட்டியிலே, 17ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க மதம் வேரூன்றியது. ஞானஸ்நானத் தண்ணீரைப் பச்சிளங் குழவியின் தலையிலேயே வார்ப்பது அம்மதத்தின் மரபு. பேச்சறியாப் பிள்ளையின் சம்மதம் எங்கே? ஞானப் பெற்றோரின் வாயிலே!

வளர்ந்த பிள்ளை, "யான் ஏற்கவில்லை" என்றால்? அவரைக் கேட்டு, மறுத்தால் அவர் விருப்பிற்கே விட்டுவிட வேண்டும் என்போரை, 1547இல் திரெந்து நகரிலே கூடிய திருச்சபைச் சங்கம் சபித்தது! அம்முத்திரை அழியாதது என்றும் விதித்தது.

பிரான்சிலே ஒருவர் ஞானஸ்நான ஏட்டிலிருந்து தம் பெயரை நீக்கக் கோரினார். 2014இல் அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் மறுத்தது. விலகினார் என்னும் ஓரக்குறிப்பே போதுமாம்!

நம் அண்டையிலே, புதுச்சேரிப் பெண்ணொருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். 2024இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை மறுத்தது. அவர் தேவாலயம் சென்றுவந்ததோடு, கைக்குழந்தையாய்ப் பெற்ற ஞானஸ்நானமும் அவருக்கு எதிரான சான்றாயிற்று. இந்து மதத்திற்குத் திரும்பியதாக ஊரறிய அறிவிக்கவில்லை என்பதும் குறையாயிற்று. நுழைய வாய் வேண்டாம். வெளியேற வாக்குமூலம் வேண்டும்! இதுவா நீதி?

தோழர்களே! தண்ணீர் வார்த்தது நடந்த நிகழ்ச்சி. ஏடு அதைச் சொல்லட்டும். நிகழ்ச்சிக்குச் சான்று, நம்பிக்கைக்குச் சான்றாகாது. திருநீறு பூசப்பட்ட மழலை நெற்றிக்கும் இதுவே நம் விடை. ஈரோட்டுப் பெரியார் தந்த பகுத்தறிவு, அறிவு வந்தவரையே கேட்கச் சொல்கிறது. கேட்போம்!