ஆள் வர முடியாத ஊரில் கணினி

கணினிகளை ஆள் கை படாமல் பராமரிக்கும் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கம். சர்வர்கள் நூறாயின, ஆயிரமாயின. ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள் உட்கார்ந்து கட்டளை அடிக்க முடியாமல் போயிற்று. 1993இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் சிஎஃப்இன்ஜின் என்ற மென்பொருளை எழுதினார். 2001இல் ஐபிஎம் நிறுவனம், தன் பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும் கணினி என்ற கொள்கையை முன்வைத்தது. 2005இல் அதே வகை மென்பொருளான பப்பெட் வந்தது. இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் மதுரைச் சீமையின் அண்மைக்கால வரலாறு இதற்கு வேறோர் அளவுகோலைத் தருகிறது. பழுதான பெட்டிக்கும் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளுக்கும் நடுவே எத்தனை தூரம், எத்தனை நாள் என்று கேட்டால், ஐந்தாறு ஊர்களில் வைத்த ஐந்தாறு கணினிகளும் பெரிய அமைப்புதான். தானியக்கத்தின் தேவை பெருங்கூடங்களில் மட்டும் பிறக்கவில்லை. ஆள் பற்றாக்குறையிலும் பிறந்தது.

முதல் சான்று மேலூர். 2001இன் கடைசியில் மேலூர் வட்டத்துக் கிராமங்களில் இன்டர்நெட் கியோஸ்க்குகள் திறக்கப்பட்டன. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பம் அவற்றை இணைத்தது. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அந்தக் குழுவிலிருந்து பிறந்த என்-லாக் நிறுவனம் களத்தில் நின்றது. எம்ஐடி, ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்திருந்தனர். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றைத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்காமலே ஊரிலிருந்து அனுப்பலாம் என்பது அன்று சின்ன விஷயமில்லை. கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பும் முயற்சியும் அங்கேதான் நடந்தது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் பல கியோஸ்க்குகள் மூடப்பட்டன. அரசு அதிகாரிகளின் ஆர்வம் நீடிக்காதது ஒரு காரணம். வருமானம் போதாதது இன்னொன்று. தொழில்நுட்ப உதவி வேண்டிய நேரத்தில் கிடைக்காததும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. கியோஸ்க் நடத்தியவர் தன் பணத்தைப் போட்டவர். இணைப்பு ஒரு வாரம் செத்துக் கிடந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார். பிறகு இணைப்பு வந்தாலும் அவர் வருவதில்லை.

இரண்டாவது சான்று தேனி. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினோரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த், 2004 முதல் விஷன் சென்டர் எனப்படும் சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. போடி, சின்னமனூர், அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் நோயாளியைச் சோதிப்பார். அரவிந்தின் தேனி மருத்துவமனையிலிருந்து மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசுவார். இந்த இணைப்பை அமைத்தது எரிக் புரூவர் தலைமையிலான பெர்க்லி பல்கலைக்கழகக் குழு. வீட்டுக்குள் பயன்படுத்தும் வைஃபையைக் கோபுரத்தில் ஏற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பாய்ச்சினார்கள். இன்க்டோமி என்ற தேடுபொறி நிறுவனத்தின் வழியாக மிகப் பெரிய சர்வர் கூட்டங்களை இயக்கிப் பார்த்தவர் புரூவர். அப்படிப்பட்டவரின் குழுவுக்குத் தேனிப் பள்ளத்தாக்கு புதிதாகக் கற்றுக்கொடுத்தது என்ன என்பதுதான் இங்கே முக்கியம்.

அலைவரிசைச் சிக்கல்களை அவர்கள் முன்பே தீர்த்திருந்தார்கள். ஆட்டிப் படைத்தது மின்சாரம். திடீரென்று கரண்ட் போகும்போது ரூட்டரின் நினைவக அட்டையில் எழுதிக்கொண்டிருந்த தகவல் சிதைந்தது. மின்னழுத்தம் பாதியில் தொங்கும்போது ரூட்டர் அணையவும் இல்லை, ஓடவும் இல்லை. விளக்கு எரியும், வேலை நடக்காது. இணைப்பே செத்துவிட்டதால் வெளியிலிருந்து உள்ளே புகுந்து பார்க்கவும் வழியில்லை. ஒவ்வொரு முறையும் ஆள் கோபுரம் ஏறுவது நடக்கிற காரியமா? ஆகவே நினைவகத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டினார்கள். மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் முழுவதும் துண்டித்துவிடும் சுற்றை வைத்தார்கள். மென்பொருள் உறைந்துவிட்டால் தானே மறுதொடக்கம் செய்யும் காவல் கடிகாரத்தைச் சேர்த்தார்கள். யாரும் கேட்கக் காத்திராமல், ரூட்டரே குறித்த இடைவெளியில் தன் நிலையை வெளியே அனுப்பும்படியும் செய்தார்கள். 2008இல் சோனேஷ் சுரானாவும் புரூவரும் மற்றவர்களும் இதையெல்லாம் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

எது மனிதர் பார்க்க வேண்டிய வேலை, எது தானே நடக்க வேண்டிய வேலை என்ற பாகுபாடு இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. கண்மாயில் மடையும் உண்டு, கலிங்கும் உண்டு. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதை நீர்பாய்ச்சி பார்த்து மடையைத் திறப்பார். அது மனிதர் தீர்மானிக்கும் வேலை. ஆனால் நடுராத்திரி அடைமழையில் கண்மாய் நிறைந்தால் யாரையும் எழுப்பாமல் கலிங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். அந்த வேலைக்கு ஆளை நம்பியிருந்தால் ஒரு பெருமழைக்குக் கரை தாங்காது. தேனியில் நடந்ததும் இதே பிரிவினைதான்: கண்ணைப் பார்த்துச் சொல்வது மனிதருக்கு, ரூட்டரை எழுப்புவது ரூட்டருக்கு. மேலூரில் கலிங்கு இல்லாமல் மடை மட்டும் கட்டியிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை மறுப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மேலூரும் தேனியும் ஒரே தராசில் நிற்காது. ஒன்று சிறு முதலாளியின் கடை, மற்றது வலுவான மருத்துவமனையின் கிளை. சம்பளமும் பயிற்சியும் நோயாளிகளும் அரவிந்திடம் ஏற்கெனவே இருந்தன. இதை நான் முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். தானியக்கம் மட்டும் மேலூரைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் வலுவான நிறுவனமும் கோபுரத்துக்கு ஆளை அனுப்பிக்கொண்டே இருக்க முடியாது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: தானே எழுந்துகொள்ளும் எந்திரம் தன் நோயை மறைத்துவிடும், ஊர்க்காரர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார், சாவி கடல்கடந்த ஓர் ஆய்வகத்திடமே இருந்துவிடும். மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருக்கும் ரூட்டருக்குள் செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி ஒளிந்திருக்கலாம் என்பது உண்மைதான். ரூட்டர் தன் நிலையைத் தானே அறிவிக்கும் ஏற்பாடு அதற்காகத்தான் தேவைப்பட்டது. சாவியைப் பற்றிய அச்சத்துக்குப் பதில் கைமாற்றத்தில் இருக்கிறது: பராமரிப்பைப் படிப்படியாக உள்ளூர்ப் பணியாளர்களிடம் ஒப்படைப்பதைப் பெர்க்லி குழு தன் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்டது. சிறு தொல்லைகளை எந்திரம் பார்த்துக்கொண்டதால், எந்தப் பழுதுக்குக் கோபுரம் ஏற வேண்டும், எதற்குப் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று பிரித்தறியும் வேலை மட்டுமே அவர்கள் கைக்கு வந்தது.

கோபுர வைஃபையின் காலம் முடிந்து, அகன்ற அலைவரிசையும் மொபைல் இணைப்பும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. அரவிந்தின் விஷன் சென்டர்கள் இன்று நூற்றைத் தாண்டியிருக்கின்றன.