தூசி நோயும் நஷ்டஈடும் – ஒரு வரலாற்றுப் பார்வை

கல்கத்தாத் தமிழர் என்றதும் லேக் மார்க்கெட் பக்கத்துக் காப்பிப்பொடி வாசனையும், ஸ்டெனோகிராபர்களும், அக்கவுண்டண்டுகளும்தான் நம் நினைவுக்கு வருவது வழக்கம். அவர்களைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. ஆனால் இந்த நகரத்து ஆலைகளில் பேனா பிடித்த கைகளுக்குச் சற்றுத் தள்ளி, தூசிக்கு நடுவே நின்ற கைகளும் இருந்தன. அந்தத் தூசியால் நுரையீரல் கெட்டால், நஷ்டஈடு பெற ஒரு தொழிலாளி எதையெல்லாம் நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் டாலிகஞ்ச்வாசி. சட்டம் படித்தவன் அல்லன். ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் பல வருஷம் குப்பை கொட்டியவன். ஆகவே இந்த வரலாற்றை நீதிமன்றப் படியிலிருந்து பார்ப்பதைவிட, மஸ்டர் ரோலின் பக்கங்களிலிருந்து பார்ப்பதே எனக்குப் பழக்கம்.

டாலிகஞ்சிலிருந்து நியூ அலிபூரைத் தாண்டினால் தாராதலா. அங்கே கார்டன் ரீச் ஓரமாகப் பல பத்தாண்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் தயாரித்திருக்கிறார்கள். நம் பேட்டைக் குடிசைகள் பலவற்றுக்கும் அதுதான் கூரை. தாராதலாவிலிருந்து தெற்கே போனால் ஜோக்கா. அங்கே இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்சார் நோய்களுக்கென்றே ஒரு மையம் உண்டு. 2022 டிசம்பரில் திறந்த மெட்ரோ இவ்விரு இடங்களையும் இணைக்கிறது. தூரம் ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர். ஆனால் வேலைத்தளத்திலிருந்து நோய்ச் சான்றுக்குப் போய்ச் சேரத் தொழிலாளிக்கு ஆகும் காலமோ இருபது, முப்பது வருஷம்!

காரணம் இந்த நோய்களின் குணம். கல்லுடைக்கும்போது எழும் சிலிக்காத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பை உண்டாக்குகிறது. அது சிலிகோசிஸ். கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸின் இழை செய்வது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் அதன் வேலைதான். அது வெளிப்பட முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகலாம். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்தால் சிலிகோசிஸும் காசநோயும் பல சமயம் ஒன்றுபோலவே இருக்கும். "என்ன வேலை பார்த்தீங்க, எத்தனை வருஷம்?" என்று டாக்டர் கேட்டால்தான் உண்மை வெளிவரும். ஆக, வேலை வரலாறு என்பது வழக்குக்கு மட்டுமல்ல, வைத்தியத்துக்கே முதல் சான்று.

இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஆந்த்ராக்ஸ், ஈயம், பாதரசம் போன்ற ஆறு தொழில் நோய்களுக்கு நஷ்டஈடு தந்தது. தூசி நோய் அந்தப் பட்டியலில் இல்லை. சிலிகோசிஸுக்கு 1918இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. ராச்டேல் நகரின் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல், 33 வயதில் இறந்தார். ஆஸ்பெஸ்டோசிஸ் அட்டவணையில் இல்லாத நோய் என்பதால் நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளுக்கான விதிகளும், நஷ்டஈட்டுத் திட்டமும் 1931இல்தான் வந்தன.

நம் நாட்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் மூன்றாம் அட்டவணை நோய்களை ஏ, பி, சி என மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறது. ஏ பகுதிக்குக் கால வரம்பு கிடையாது. பி பகுதிக்கு ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாத வேலை வேண்டும். சிலிகோசிஸும் ஆஸ்பெஸ்டோசிஸும் சி பகுதியில் இடம்பெற்றன. அதற்கு மத்திய அரசு குறிப்பிடும் காலம்வரை அந்த வகை வேலையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது ஒரு முதலாளியிடமோ பலரிடமோ இருக்கலாம். பல முதலாளிகள் என்றால், யார் எவ்வளவு கொடுப்பது என்பதைக் கமிஷனர் பங்கு பிரிப்பார். தூசி நோய் ஒரே இடத்தில் வருவதில்லை என்பதைச் சட்டம் புரிந்துகொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் கால நிபந்தனையைத் தடை என்று மட்டும் நினைக்கக் கூடாது. அது ஒரு சலுகையும்கூட. வேலைக் காலத்தை நிரூபித்துவிட்டால், எதிர்ச் சான்று இல்லாதவரை, நோய் வேலையால் வந்ததாகவே சட்டம் கொள்ளும். அட்டவணையில் இல்லாத நோய் என்றால் வேலைக்கும் நோய்க்கும் உள்ள நேரடித் தொடர்பைத் தொழிலாளியே காட்ட வேண்டும்.

சிக்கல் பத்தாம் பிரிவில் இருந்தது. வேலையை விட்ட இரண்டு வருஷத்துக்குள் அறிகுறி தெரிந்தால், தெரிந்த நாளே விபத்து நாளாகக் கணக்கு. இருபது வருஷம் கழித்து இருமத் தொடங்குகிறவனுக்கு இது எப்படிப் பொருந்தும்? தக்க காரணம் இருந்தால் தாமதத்தைக் கமிஷனர் மன்னிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஹவுராவில் மெயிலேறி ஊருக்குப் போய்விட்டவர், ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு அந்தக் காரணத்தை யாரிடம் போய்ச் சொல்வார்?

அதைவிடப் பெரிய சிக்கல் பதிவேடு. நான் வேலை பார்த்த இடத்தில் கான்ட்ராக்டர் ஆட்கள் எங்கள் மஸ்டர் ரோலில் ஏறியதே இல்லை. "அவங்க நம்ம ஆளுங்க இல்லைப்பா, விடு" என்பார் ஹெட் கிளார்க். அவர்கள் பெயர் இருந்ததெல்லாம் கான்ட்ராக்டரின் சின்ன நோட்டில்தான். வேலை முடிந்தால் நோட்டும் போய்விடும்.

1995 ஜனவரி 27இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடர்ந்த வழக்கு அது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையிலிருந்து நின்ற பிறகு 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் நஷ்டஈடும் விதித்தது. நோய் எவ்வளவு காலம் மறைந்திருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு காலம் பதிவேடும் உயிரோடு இருக்க வேண்டும் என்ற எளிய நியாயம் அது.

பதிவேடே இல்லாதவர்கள் கதி? நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. ஜார்கிராம் அருகே சிஞ்சுர்கேரியா கிராமத்தில் கல் அரைக்கும் ஆலையில் வேலை செய்த ஏழைகள் சிலிகோசிஸால் மடிந்தபோது, கல்கத்தாவின் நாகரிக் மஞ்ச் அமைப்பு 1990களில் உச்ச நீதிமன்றம்வரை போராடியது. 2009 மே மாத ஐலா புயலுக்குப் பின் மினாகான், சந்தேஷ்காலிப் பக்கத்து இளைஞர்கள் உப்பேறிய வயலை விட்டு ஆசன்சோல், ஜாமுரியா கல் ஆலைகளுக்குப் போனார்கள். மூச்சிரைக்கத் திரும்பினார்கள். வேலை பார்த்ததற்குத் துண்டுச் சீட்டுகூடக் கையில் இல்லை.

இவ்விடத்தில்தான் சட்டத்தின் போக்கு மாறியது. குஜராத்தின் குவார்ட்ஸ் ஆலைகளுக்குப் போய் இறந்த மத்தியப் பிரதேசப் பழங்குடியினர் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்சம் வழங்குமாறு குஜராத் அரசுக்கு 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முதலாளியைத் தேடு என்று தொழிலாளியை அலைக்கழிக்காமல், கண்காணிக்கத் தவறிய அரசே கொடு என்றது. ராஜஸ்தான் 2019இல் கொண்டுவந்த கொள்கைப்படி, மருத்துவக் குழு நோயை உறுதிசெய்தால் மூன்று லட்சம், இறந்தால் மேலும் இரண்டு லட்சம்.

1923ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தனியாக இல்லை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. ஆனால் ஏ, பி, சி என்ற பிரிவினை தொடர்கிறது. எங்கே, எத்தனை காலம் என்ற கேள்வியும் தொடர்கிறது.

ஆகவே நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண், கேட் பாஸ் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் போனால், கேட்காவிட்டாலும் செய்த வேலையைச் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள். கூட வேலை பார்த்தவர்கள் பெயரைக் குறித்து வையுங்கள். அவர்கள் சாட்சியம் நாளைக்கு உதவும். எழுதப் படிக்கத் தெரிந்து வந்தவர்கள் நாம். எழுதத் தெரியாமல் நம்மோடு வந்தவர்களின் வேலைக் கணக்கையும் சங்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தால், அதைவிடப் பெரிய தமிழ்ப்பணி வேறு என்ன இருக்கிறது?